நெல் நுழைந்த வாசல்: காவிரிப் படுகையின் மிராசுதார் வீடுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பரந்துகிடக்கும் காவிரிப் படுகையின் ஊர்களில், உயர்ந்த திண்ணையும் தேக்குத் தூண்களும் நாட்டு ஓட்டுக் கூரையும் நடுவே வானம் பார்த்த முற்றமும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் எஞ்சி நிற்கின்றன. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை பெற்றிருந்தவர்கள் மிராசுதார்கள் எனப்பட்டனர். இவ்வீடுகளில் பெரியவை அவர்கள் கட்டியவை. அவற்றைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியானவை தெருவில் நின்று பார்த்து எழுதப்பட்டவை என்பதால், திண்ணையின் விருந்தோம்பலும் நிலைக்கதவின் செதுக்கு வேலையும் முற்றத்து வெளிச்சமுமே அவற்றில் நிறைந்திருக்கின்றன. அவை பொய்யல்ல. ஆயினும் மிராசுதார் வீடு அடிப்படையில் வேளாண்மைக் கட்டடம். நெல்லைக் காயவைக்கவும் அளக்கவும் சேமிக்கவும் அவிக்கவும் குத்தவும் ஏற்றபடி வகுக்கப்பட்ட இடம். மனிதர் வரும் வழி தெருவில் இருந்தது. நெல் வரும் வழி பெரும்பாலும் கொல்லையில் இருந்தது. கொல்லையிலிருந்து தெருவை நோக்கி வாசித்தால்தான் இவ்வீட்டின் அமைப்பும், அதைத் தாங்கி நின்ற சமூக ஒழுங்கும், பிற்காலத்தில் அது வெறுமையான காரணமும் ஒருசேர விளங்கும்.

படுகை நிலத்தில் கல் இல்லை. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும் ஆழமாகப் படிந்த இப்பகுதியில் பாறை கண்ணில் படுவதேயில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல்லும் படுகைக்கு வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. பெரிய மரக்காடும் இங்கே இல்லை. ஆகவே வீடு கட்டுவோருக்குக் கையருகே கிடைத்தவை களிமண், ஆற்றுமணல், மூங்கில், பனை, தென்னை, வைக்கோல், வயல் வரப்பிலும் கொல்லையிலும் வளர்ந்த வேம்பு, பூவரசு, இலுப்பை, மா, பலா ஆகியவை மட்டுமே. களிமண்ணைச் சுட்டால் செங்கல்லும் ஓடும் கிடைக்கும். ஆனால் சூளைக்கு விறகு வேண்டும், விறகுக்குப் பொருள் வேண்டும், அதற்கு மேலாக உரிமையும் வேண்டியிருந்தது. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில் கொடை பெற்ற ஊருக்கு வழங்கப்பட்ட உரிமைகள் அடுக்கப்படும்போது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எழுப்பிக்கொள்ளும் உரிமையும் கிணறு தோண்டிக்கொள்ளும் உரிமையும் அவற்றுள் இடம்பெறுகின்றன. லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊரைப் பற்றியவை. அவற்றிலும் இவ்வுரிமை காணப்படுகிறது. வெளிப்படையாக எழுதித் தரவேண்டிய அளவுக்கு அது சிறப்புரிமையாக இருந்தது என்றால், செங்கல் வீடு எல்லோருக்கும் இயல்பாகக் கிட்டிய ஒன்றல்ல என்று கொள்வதில் தவறில்லை. அதே இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்கள் குறிப்பிடப்படுகையில் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனக் குடியிருப்புகள் தனித்தனியே பெயர் பெறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யார் எங்கே வீடு கட்டலாம் என்பது படுகை ஊர்களில் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சோழர் காலத்துக் கோயில்கள் நிற்கின்றன. அக்காலத்து வீடுகள் நிற்கவில்லை. மண் சாந்தில் எழுப்பிய சுவரும் கரையான் அரிக்கும் மரமும் பெருவெள்ளத்தையும் புயலையும் நெடுங்காலம் தாங்குவதில்லை என்பது ஒருபுறமிருக்க, பழைய வீட்டின் மரத்தையும் செங்கல்லையும் எடுத்துப் புதிய வீட்டில் வைப்பது கட்டடத்தொழிலின் இயல்பான வழக்கமாகவே இருந்தது. இன்று காணக்கிடைக்கும் பெரிய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் எழுந்தவை. மனையும் வீட்டின் உள்வகுப்பும் பழமையானவை. மேலே நிற்கும் மரமும் சுண்ணாம்பும் பிற்காலத்தவை. இந்த இரண்டு அடுக்குகளையும் பிரித்தறியாமல் ஒரு வீட்டின் வயதைச் சொல்ல முற்படுவது வீண்.

அக்காலத்தில் வீடுகள் பெருத்ததற்கு நீரும் நிலவுரிமையும் கடல் வணிகமும் சேர்ந்தே காரணமாயின. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசு 1799இல் ஆட்சி நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1855இல் அரச மரபே முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. கம்பெனி இங்கே ஜமீன்தாரி முறையைப் பரவலாகப் புகுத்தாமல் மிராசு உரிமையை ஏற்றுக்கொண்டது. ஊர் முழுவதும் ஒருவருக்கே உரியதாகிய ஏகபோகம், பங்காளிகள் நிலத்தை நிலையாகப் பிரித்துக்கொண்ட பலபோகம், நிலத்தைப் பொதுவில் வைத்து விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்ட சமுதாயம் எனப் பலவகையாக இருந்த உரிமைகள் நாளடைவில் விற்கவும் ஈடுவைக்கவும் தக்க தனிச்சொத்தாக இறுகின. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து நீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டு வற்றிவந்த இடரை 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணை பெருமளவு தீர்த்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே இருப்புப்பாதை ஓடத் தொடங்கி அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. உபரி நெல் இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற சந்தைகளுக்கும் எளிதாகச் சென்றது. நீர் உறுதியாகி, உரிமை உறுதியாகி, சந்தையும் அமைந்த பின்னர் மிராசுதாரின் கையில் தங்கிய பணம் வீடாக உருக்கொண்டது.

அந்தப் பணம் வாங்கிய முதற்பொருள் மரம். தென்பர்மாவின் தெனாசரிம் பகுதி 1826இலும் ரங்கூனை உள்ளடக்கிய கீழ்ப்பர்மா 1852இலும் ஆங்கிலேயர் வசமான பின், பர்மாத் தேக்கு வங்கக் கடலைக் கடந்து சோழமண்டலத் துறைமுகங்களில் இறங்கலாயிற்று. அதற்கு முன்பு மலையாள நாட்டிலிருந்தும் மேற்குமலைச் சரிவுகளிலிருந்தும் வண்டிப்பாதையில் வரவேண்டியிருந்த உயர்ந்த மரம், இப்போது கடல்வழியே நீண்ட கட்டைகளாகக் கிடைத்தது. கூடத்தின் அகலம் உத்திரத்தின் நீளத்தைப் பொறுத்தது. உத்திரம் என்பது தூண்களின் தலைமேல் கிடையாகக் கிடந்து கூரைப் பாரத்தை ஏற்கும் பெருமரம். வேம்பும் பூவரசும் நேராக நீண்டு வளர்வதில்லையாதலால் அவற்றால் கட்டிய கூடம் சிறிதாகவே அமையும். பெரிய கூடங்களும் உயர்ந்த தூண் வரிசைகளும் பர்மாத் தேக்கின் வரவால்தான் பரவலாயின என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. வசதி குறைந்த வீடுகளில் உத்திரமும் கதவும் மட்டுமே தேக்காக இருக்க, கூரையின் சாய்மரங்களான கைமரங்களுக்கு முற்றிய பனையைப் பிளந்தெடுத்த பனங்கைகளே பயன்பட்டன. பனையின் புறவயிரம் கரையானுக்கு எளிதில் இளகாதது. ஏழையின் தேக்கு என்று அதைச் சொன்னாலும் பொருந்தும்.

மரவேலையைக் கவனமாகப் பார்த்தால் தச்சரின் தேர்ச்சி புலப்படும். தூணின் அடி ஒருபோதும் தரையைத் தொடுவதில்லை. செதுக்கிய கல் பாதத்தின்மேல் அது நிற்பதால் ஈரமும் கரையானும் எட்டுவதற்கு வழி குறைகிறது. கல்லே இல்லாத நாட்டில் காசு கொடுத்து வாங்கிய கல் முதலில் இங்கேதான் வைக்கப்பட்டது, அதற்கு அடுத்தபடியாக வாசற்படிக்கும் முற்றத்தின் விளிம்புக்கும். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியதுபோல் அமைந்த போதிகை உத்திரத்தைத் தாங்குகிறது. உத்திரம் தாங்குதலின்றி நிற்கவேண்டிய நீளத்தை அது குறைப்பதால் மரம் தொய்வதில்லை. கோயில் கற்றூண்களில் காணப்படும் பூமுனைப் போதிகையே இங்கு மரத்தில் அமைந்திருப்பது, தச்சருக்கும் சிற்பியருக்கும் ஒரே மரபு என்பதைக் காட்டுகிறது. ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகி மரமுளையால் இறுக்குவதே பெரும்பாலான இணைப்புகளின் முறை. கதவுகளுக்கும் இரும்புக் கீல் இல்லை. கதவின் மேலும் கீழும் நீண்ட குடுமிகள் நிலையிலும் படியிலும் குடைந்த குழிகளில் சுழல்கின்றன. வண்டல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பது. அதன்மேல் நிற்கும் சுவரில் கீறல் விழுவது இயல்பு. ஆணியால் இறுகப் பிணைக்காத மரச்சட்டகமோ அச்சிறு அசைவுக்கு இடங்கொடுத்து நிற்கும். நூறாண்டு கடந்த வீடுகளில் சுவர் பிளந்தும் கூடம் சாயாதிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி வீட்டினுள் நெல் சென்ற வழியைத் தொடரலாம். அக்கிரகாரத் தெருக்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீள்வதால் வீடுகள் வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ நிற்கின்றன. பக்கச்சுவர்கள் அண்டை வீட்டுடன் பொதுவானவை. மனை குறுகியது, ஆனால் மிக நீண்டது. தெருவில் தொடங்கும் மனை பின்னால் வாய்க்கால் கரையிலோ வண்டிச் சந்திலோ போய் முடிகிறது. அறுவடைக் களத்தில் அடித்துத் தூற்றிய நெல் வண்டிகளில் அந்தப் பின்வழியே வந்து கொல்லையில் இறங்கிற்று. அங்கே மாட்டுத் தொழுவம், வைக்கோல் போர், எருக்குழி, கிணறு, நெல் அவிக்கும் அடுப்பு ஆகியவை இருந்தன. பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். மரக்காலால் அளந்து கணக்கிட்ட பிறகே நெல் உள்ளே சென்றது. மூன்றாம் கட்டு, இரண்டாம் கட்டு எனப் பின்னிருந்து எண்ணத்தக்க பகுதிகள் ஒவ்வொன்றும் சிறு முற்றத்தைச் சூழ்ந்தவை. பின்கட்டு முற்றம் நெல்லுக்கும் புழுங்கலுக்கும் உரலுக்கும் உரியது. முன்கட்டு முற்றம் பூசைக்கும் கல்யாணத்துக்கும் உரியது. குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதும் காலங்களில் ஈர நெல்லைக் கூரையின் கீழ் பரப்பிக் காற்றாட விடுவதற்குத் தாழ்வாரங்கள் உதவின. முற்றத்தைச் சுற்றி ஓடும், ஒருபுறம் திறந்த தாழ்வாரத்தை அழகுக்காக மட்டும் அமைத்தது என்று எண்ணுவோர் அது நெல் காயவைக்கும் இடமாகவும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

சேமிப்பின் மையம் பத்தாயம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, கால்கள்மீது நிறுத்தி, மேலே மூடியும் கீழே சிறு தள்ளுக்கதவும் வைத்த பெரிய மரப்பெட்டி அது. நிலைவாசலின் வழியே நுழையாத அளவு பெரிய பத்தாயங்கள் அறைக்குள்ளேயே பலகை பலகையாகப் பொருத்தப்பட்டன. ஆகவே அவற்றைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்ப்பதைவிடக் கட்டடத்தின் உறுப்பாகக் கொள்வதே முறை. ஒரு மூட்டை நெல்லை ஏறத்தாழ 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு மூட்டை கொள்ளும் பத்தாயம் 6 டன் பாரத்தைச் சுமக்கிறது. அந்தப் பாரத்தை மாடியில் ஏற்ற முடியாது; ஈரம் ஏறும் வெளிச்சுவரோரம் வைக்கவும் கூடாது. எனவே வீட்டின் நடுப்பகுதியில், கூடத்தை ஒட்டிய சன்னலற்ற அறையே அதன் இடமாயிற்று. வீட்டிலேயே வறண்டதும் இருண்டதும் காவல் மிக்கதும் அந்த அறைதான். குடும்பத்தலைவர் கூடத்தில் அமர்ந்தபடியே அதன் கதவைக் கண்காணிக்க முடியும். பத்தாயத்துக்கு வசதியில்லாதோர் மண்வளையங்களை அடுக்கிச் சாணமும் களிமண்ணும் கொண்டு பூசிய குதிர்களை வைத்துக்கொண்டனர். விதைநெல்லோ வைக்கோற்புரியால் இறுகச் சுற்றிய கோட்டையாகக் கட்டப்பட்டுப் பரண்மேல் தனியே வைக்கப்பட்டது. இந்த இருட்டறையைத் தாண்டித்தான் பூசையறையும் கல்யாணக்கூடமும் ரேழி எனப்படும் முன்நடையும் தெருத்திண்ணையும் வருகின்றன. திண்ணையில் வழிப்போக்கர் படுத்துறங்கினர், கணக்குப்பிள்ளை கணக்கு எழுதினார், குத்தகை பேசப்பட்டது. பின்னால் நெல்லாக நுழைந்தது முன்னால் சொல்லாகவும் கணக்காகவும் வெளிப்பட்டது எனலாம்.

கூரையும் இதே அளவு நுட்பமானது. குயவர் சக்கரத்தில் ஒருபுறம் குறுகிய குழாயாக வனைந்து, ஈரம் காயுமுன் நெடுக இரண்டாக அறுத்துச் சுட்ட நாட்டு ஓடுகள், மூங்கில் வரிச்சின்மேல் கவிழ்த்தும் மல்லாத்தியும் பல அடுக்காக மேயப்பட்டன. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று வெயிலின் வெப்பத்தைத் தடுத்தது. முற்றத்தை நோக்கி நான்கு பக்கத்திலிருந்தும் சரியும் கூரைகள் சந்திக்கும் மூலைப்பள்ளங்களுக்குக் கூடல்வாய் என்று பெயர். மழை நீர் முழுவதும் அங்கே திரண்டு இறங்குவதால் கூரையில் முதலில் ஒழுகுவதும் அங்கேதான், கைமரம் முதலில் உளுப்பதும் அங்கேதான். செம்பாலோ துத்தநாகத் தகட்டாலோ அதற்குப் பள்ளம் போட்டு, கீழே அண்டா வைத்துக் குடிநீர் பிடித்தனர். மிஞ்சிய நீர் முற்றத்துச் சலதாரை வழியே கொல்லைக்கு ஓடிற்று. வீட்டின் தரைமட்டத்தை உயர்த்துவதற்கு மண் வெட்டிய பள்ளமே பல ஊர்களில் குளமாயிற்று என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும்; மேடும் குளமும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். ஓட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மேயவேண்டும். அதற்கு ஊரில் ஆள் இருந்தவரை கூரை நின்றது. ஆள் இல்லாமற்போன பின்னர் ஒரே ஓடு நழுவிய இடத்திலிருந்து வீடு அழியத் தொடங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய வீடுகளின் முன்கட்டுக்கு மேல் மெத்தை எனப்படும் மாடி எழலாயிற்று. நெருக்கமாக அடுக்கிய தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகச் சாய்வாட்டமாக வைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பது இதன் முறை. பொறியாளர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சாந்தில் சேர்ந்தன. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் நிறுவிய ஆலையிலிருந்தும் அதைப் பின்பற்றிய பிற ஆலைகளிலிருந்தும் வந்த தட்டையான சீமை ஓடு, நாட்டு ஓட்டின் இடத்தை மெல்லப் பிடித்தது. பாசல் மிஷன் ஓடுகளில் 1865 என்ற எண் பதிந்திருப்பதைக் கண்டு வீட்டின் வயதை அந்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வோர் உண்டு. அந்த எண் ஆலை நிறுவப்பட்ட ஆண்டைக் குறிப்பதேயன்றி ஓடு வனைந்த ஆண்டையன்று.

உலகின் வேறொரு மூலையில் இதற்கு இணை தேடினால் தென்கிழக்கு இங்கிலாந்தின் மரச்சட்டகப் பண்ணை வீடுகள் நினைவுக்கு வரும். சசெக்ஸ் மாவட்டத்தின் சிங்கிள்டனில் 1967இல் தொடங்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பேலீஃப் என்னும் பண்ணை வீடு நிற்கிறது. கென்ட் பகுதியில் நீர்த்தேக்கம் அமைந்தபோது மூழ்கவிருந்த அவ்வீட்டை மரம் மரமாகக் கழற்றிக் கொண்டுவந்து மீண்டும் பூட்டினார்கள். ஓக் மரச்சட்டகமே அங்கே சுவரின் எலும்பு. சட்டங்களுக்கு இடையே குச்சிப் பின்னலும் மண்பூச்சும் நிரப்பப்பட்டன. படுகையிலோ சுற்றுச்சுவர் செங்கல், மரச்சட்டகம் உள்ளே முற்றத்தைச் சூழ நின்றது. அங்கே வீட்டின் நடுக்கூடம் கூரை வரை திறந்து, தரையில் எரிந்த தீயின் புகை கைமரங்களைக் கருக்கியது. இங்கே நடு இடம் வானம் வரை திறந்து மழையையும் வெயிலையும் ஏற்றது. குளிரை எதிர்த்த வீடு தீயைச் சுற்றியும் வெப்பத்தை எதிர்த்த வீடு காற்றைச் சுற்றியும் அமைந்ததில் வியப்பில்லை. கருதத்தக்க வேறுபாடு தானியத்தில் உள்ளது. ஆங்கிலப் பண்ணையில் கதிரும் தானியமும் தனியே நின்ற களஞ்சியக் கட்டடத்துக்குச் சென்றன. மிராசுதார் வீட்டில் அவை வசிப்பிடத்தின் நடுவறைக்கே வந்தன. ஆங்கிலப் பண்ணையாளர் பெரும்பாலும் தம் ஆட்களோடு வயலில் நின்றவர். மிராசுதார்களில் பலர் ஏர் பிடிக்காதவர்கள். வயலிலிருந்து விலகி நின்றவருக்கு நெல்லைத் தம் கண்ணெதிரே வைத்துக்கொள்ளவேண்டிய தேவை மிகுந்திருந்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

ஏர் பிடித்தவர்களின் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டடக்கலை வரலாறு முழுமை பெறாது. 1951 முதல் 1953 வரை தஞ்சை ஊர்களில் கள ஆய்வு செய்த காத்லீன் கஃப், 1961-62இல் திருவையாற்றுப் பகுதியில் ஸ்ரீபுரம் என்ற புனைபெயரிட்ட ஊரை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய் ஆகிய இருவரும், அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என ஊர் மூன்றாகப் பிரிந்திருந்ததையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு யார் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது விதிக்கப்பட்டிருந்ததையும் விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்து, அடித்து நெல்லைக் களத்தில் குவித்த தலித் தொழிலாளர்கள் அக்கிரகாரத் தெருவில் நுழைய முடியாதிருந்தது. பத்தாயம் இருந்த அறையை அவர்கள் கண்டதில்லை. அவர்களுடைய குடிசைகள் மண்சுவரும் கீற்றும் வைக்கோலுமாக, வயலுக்கு நடுவே தாழ்ந்த திடலில் நின்றன. அக்குடிசை நின்ற நிலமும் மிராசுதாருடையதே. வேலையை மறுத்தவர் குடிசையையும் இழந்தார். மேலே விவரித்த கூடங்களின் தேக்கையும் கல்லையும் வாங்கிய பணம் இந்த உழைப்பிலிருந்து வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருக்க, அது தீயிட்டு எரிக்கப்பட்டது. கீற்றுக்கும் ஓட்டுக்கும் இடையேயான வேறுபாடு உயிருக்கும் சாவுக்குமான வேறுபாடாக இருந்தது என்பதைப் படுகையின் கட்டடங்களைப் பற்றி எழுதும் எவரும் கடந்துசெல்லக் கூடாது. குடியிருப்பு மனையைத் தொழிலாளருக்கே உடைமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

மிராசுதார் வீட்டின் சரிவு அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அக்கிரகாரக் குடும்பங்களைச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் இழுத்தன. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது, பர்மாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த அரிசி தஞ்சை நெல்லை மேலும் தாழ்த்தியது. கூடங்களுக்குத் தேக்கு அனுப்பிய அதே நாடு அவற்றின் வருவாயையும் குறைத்தது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு நீர் மேலும் உறுதிப்பட்டபோதும் பெரிய வீடுகள் முன்போல் எழவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் தேக்கு வரவு அற்றது. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கைக் குத்தகைதாரருக்கு உறுதிசெய்தது; 1956இன் நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் நிலவுடைமையாளரின் பங்கையே நூற்றுக்கு 40 என்று வரையறுத்தது. குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று 1961இல் விதிக்கப்பட்ட நில உச்சவரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தது. இவற்றைத் தவிர்க்க நிலங்கள் பல பெயர்களில் எழுதப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் ஒரே கொல்லை வாசலில் ஊர் நெல் முழுவதும் வந்திறங்கிய காலம் முடிந்தது.

நெல்லையும் வீட்டையும் முற்றாகப் பிரித்தவை இயந்திரங்களும் கொள்முதல் முறையும் ஆகும். அரைவை ஆலை வந்ததும் உரலும் புழுங்கல் அடுப்பும் ஓய்ந்தன. 1972இல் உருவான தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்குக் களத்திலிருந்தே நெல் போகத் தொடங்கியதும் பத்தாயம் வெறும் பெட்டியாயிற்று. அதன்பின் பின்கட்டுக்கு வேலையில்லை. பராமரிக்க ஆளும் பயனும் இல்லாத பின்கட்டு முதலில் இடிந்தது. கொல்லை மனையாகப் பிரித்து விற்கப்பட்டது. முன்கட்டில் வயதானவர்கள் மட்டும் தங்கினர். புயல்கள் எஞ்சியதைக் குலைத்தன: 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் ஓட்டு வீடுகளையும் கீற்று வீடுகளையும் ஒருசேரச் சூறையாடியது. பழைய தேக்குக்கு இருக்கும் விலையோ எந்தப் புயலினும் கொடியது. நிலைகளும் தூண்களும் கழற்றப்பட்டு நகரத்து உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் அலங்காரமாகச் செல்கின்றன. பத்தாயப் பலகைகள் மேசைகளாகின்றன.

காப்பாற்றப்பட்ட எடுத்துக்காட்டுகள் சிலவே. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் தஞ்சைப் பகுதியின் வேளாளர் வீடு ஒன்று இடம்பெயர்த்து நிறுத்தப்பட்டுள்ளது. பேலீஃப் வீட்டைப் போலவே அதுவும் தன் வயலிலிருந்து பிரிந்து நிற்கிறது, ஆனால் மரவேலையை அருகிருந்து கற்பதற்கு அதைவிட நல்ல இடம் அமைவது அரிது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த வீட்டை 2003 முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் பேணிவருகிறது. நிலமில்லாத எளிய குடும்பத்தின் வீடாகிய அதில் திண்ணை, தெருவைப் பார்த்த சிற்றறை, கூடம், அடுக்களை, கிணறு என அதே வரிசை சுருங்கிய அளவில் காணப்படுவது, இந்த வகுப்பு முறை பெரிய வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதைத் தெளிவாக்குகிறது.

எஞ்சியவற்றை அளந்து வரைபடமாக்கும் பணிகளில் முகப்பும் தூண்களும் கூடமும் முதலிடம் பெறுகின்றன; கொல்லைச் சந்து, தொழுவம், களம், வாய்க்கால் படித்துறை ஆகியவை நேரமிருந்தால் சேர்க்கப்படுகின்றன. மனையாக விற்பனைக்குப் போவதும் முதலில் இடிவதும் அவையே ஆதலால், அளவுநாடா அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். அதோடு, சேரிகளிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை பெற்ற குடியிருப்புகளிலும் வாழும் முதியவர்களிடம், நெல் எந்தக் களத்தில் அடிக்கப்பட்டது, யார் மரக்கால் பிடித்தார், கூலி நெல் எந்த இடத்தில் நின்று வாங்கப்பட்டது, வண்டி எந்தத் திருப்பத்தில் அவர்களிடமிருந்து பிறர் கைக்கு மாறியது என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கவேண்டும். குடும்ப ஆவணங்களில் இவை எழுதப்படவில்லை. பண்ணை வேலையை நேரில் செய்தவர்களின் தலைமுறை இப்போது எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது.